வீடுகளுக்கு எரிசக்தி விதி வந்தா, நெல்லைப் பக்கத்துல இருந்து என்ன கருத்து சொல்லப் போறோம்?

மருதூர்அணை

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வீடு கட்டுதவங்க, கட்டி முடிச்சவங்க, வாடகைக்கு இருக்கவங்க எல்லாரும் ஒரு நிமிஷம் வாங்க.

ஈகோ நிவாஸ் சம்ஹிதான்னு ஒண்ணு இருக்கு. எரிசக்தித் திறன் பணியகம் எழுதி, மத்திய மின் அமைச்சகம் 2018 டிசம்பர்ல வெளியிட்ட வீட்டுக் கட்டட விதி. சுவர், கூரை, ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள எவ்வளவு வெக்கை வரலாம்னு அளவு வச்சு எழுதினது. அப்போ 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைக்குன்னு சொல்லியிருந்தாவ. நம்ம கணக்குல பன்னிரண்டேகால் சென்ட். மூணு சென்ட்லயும் அஞ்சு சென்ட்லயும் வீடு கட்டுத நமக்கு அது தூரத்து இடி மாதிரிதான்.

ஆனா 2022-ல எரிசக்தி சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, வீட்டுக் கட்டடத்தையும் உள்ள கொண்டுவந்துட்டாவ. 100 கிலோவாட் இணைப்புச் சுமையோ அதுக்கு மேலயோ உள்ள பெரிய கட்டடத்துக்குத்தான் அது. அந்த அளவைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கு. உள்ளூர் வானிலைக்குத் தக்க விதியை மாத்தவும் இருக்கு. நாளைக்கு அப்படி ஒரு வரைவு வந்து "பொதுமக்கள் கருத்து தெரிவிக்கலாம்"னு சொன்னா நாம என்ன எழுதுவோம்? "வரவேற்கிறோம்"னு ஒருத்தன், "ஏழைகள் வயித்துல அடிக்காதீங்க"ன்னு ஒருத்தன். அதோட சரி. அதுக்கு முன்னால நம்ம ஊர் வீட்டை வச்சுப் பேசிப் பாப்போம்னுதான் இந்த இழை.

டவுன்_ரதவீதி

பேசலாம் தம்பி. ஆனா முதல்ல ஒண்ணு. டவுன்ல எங்க தெருவுக்கு வந்து பாக்கச் சொல்லும். வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். முன்னால தெரு, பின்னால புறவாசல். நடை, தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களைன்னு ரயில் பெட்டி கணக்கா நீளமாப் போகும். பக்கவாட்டுல ஜன்னல் வைக்கணும்னா பக்கத்து வீட்டுக்காரன் பட்டாசலுக்குள்ளதான் வைக்கணும்.

இந்த விதியில ஜன்னலுக்குன்னு ஒரு பங்கு கேக்காவளாமே. அதை எந்தச் சுவத்துல வைக்க?

பாளை_சிவில்

டவுன் அண்ணாச்சி கேட்டது நல்ல கேள்வி. எண்களைச் சொல்லிடுறேன், பிறகு சண்டை போடலாம். 2018-ல் வந்த முதல் பகுதியில் மூன்று அளவுகள்தான் முக்கியம்.

முதலாவது சுவர். சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே கடத்தும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள் இருக்க வேண்டும். இதை ஆர்.இ.டி.வி. என்பார்கள். இரண்டாவது கூரை. அதன் யு மதிப்பு 1.2-க்கு மேல் போகக் கூடாது. யு மதிப்பு குறையக் குறைய வெக்கை உள்ளே இறங்குவது குறையும். மூன்றாவது காற்று. நாம் வெப்ப ஈரப்பத மண்டலத்தில் வருகிறோம், அதனால் வீட்டின் தரைப்பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடிய ஜன்னலாக இருக்க வேண்டும். வறண்ட வெப்பப் பகுதிக்கு 10 சதவீதம் போதும்.

இப்போது ஒரு சாதாரண நெல்லை வீட்டை இதில் போட்டுப் பார்த்தேன். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு, சுவரில் பத்தில் ஒரு பங்கு ஜன்னல், மேலே ஒழுங்கான சன்ஷேடு. 15-க்குள் வந்துவிடுகிறது, அல்லது அதை ஒட்டி நிற்கிறது. அதாவது நம் அப்பா காலத்துச் சுவர் தேர்வில் பாஸ். அதே வீட்டை நாலரை இஞ்ச் சுவரில் கட்டினால் 18-ஐத் தாண்டிவிடும்.

கூரைதான் ஃபெயில். அஞ்சு இஞ்ச் கான்கிரீட் தளம் வெறுமனே கிடந்தால் யு மதிப்பு 3.4 வாக்கில். கேட்கிற அளவைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதன் மேல் மூன்று இஞ்ச் செங்கல் ஜல்லி சுண்ணாம்பும் தட்டோடும் போட்டாலும் 2.4-க்குத்தான் இறங்கும்.

கொத்தனார்_தாழையூத்து

மேடம் சொல்லுதது கணக்கு. நான் வேலையைச் சொல்லுதேன்.

சுண்ணாம்பு ஜல்லி போடுத காலத்துல கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவச்ச தண்ணியை ஊத்தி, பொம்பளையாள் வரிசையா உக்காந்து நாள் கணக்கா தட்டுவாவ. ஜல்லி இறுகி பாறையாட்டம் ஆகணும். அதுக்கு மேலதான் தட்டோடு. இப்போ எவன் தட்டுதான்? சிமென்ட் கலவையைக் கொட்டி, அதுல தட்டோடு ஒட்டி, ரெண்டு நாள்ல ஆள் இறங்கிருவான். வீட்டுக்காரரும் "தண்ணி இறங்காம இருந்தா போதும் கொத்தனாரே"ம்பாரு. வெக்கையைப் பத்தி எவரும் கேக்கமாட்டாவ. வெக்கையைக் கேக்கது குடி வந்த பெறவு. அப்போ நான் வேற சைட்டுல இருப்பேன்.

தட்டோட்டுக்கு அடியில ஃபோம் அட்டை போடுதது ஒண்ணும் புதுசு இல்ல. குளிர்பதனக் கிடங்குல போடுத சாமான்தான். ஒரு இஞ்ச் கனம். பாளையில ஒரு டாக்டர் வீட்டுக்குப் போட்டோம். சித்திரையில மேல் மாடியில செருப்பு இல்லாம நிக்க முடியாது, கீழ ரூம்ல ஃபேன் காத்து காத்தாவே வந்துச்சு. ஆனா தண்ணிக்கட்டு முதல்ல சரியா இருக்கணும். தளத்துல கீறல் இருக்கத அப்படியே விட்டுட்டு மேல ஃபோமை வச்சு மூடினா, ஒழுகுத இடத்தைக் கண்டுபிடிக்க மொத்தத்தையும் உடைக்கணும்.

பாளை_சிவில்

அண்ணாச்சி சொன்ன அந்த ஒரு இஞ்ச் ஃபோம் சேர்த்தால் கூரை 0.8, 0.9-க்கு வந்துவிடும். விதி தாராளமாகவே நிறைவேறும். கீறலைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. விதியில் இதை எழுத மாட்டார்கள், கருத்தில் நாம் எழுதலாம்.

என்ஜிஓகாலனி_மாடிவீடு

நான் வாடகைக்காரன். மேல் மாடி. எனக்கு எண்ணு எல்லாம் வேண்டாம், ராத்திரி பத்து மணிக்கு சீலிங்கைத் தொட்டுப் பாத்தா கை சுடும். பகல் பூரா வாங்கின வெக்கையைத் தளம் ராத்திரி பூரா என் தலையில இறக்குது. ஃபேன் அந்தச் சூட்டைத்தான் சுத்தி விடுது. பதினோரு மணிக்குப் பாயைத் தூக்கிட்டு தட்டட்டிக்குப் போறோம். மேலே குளுகுளுன்னு இருக்கும். நான் வாடகை கட்டுதது கீழ இருக்க ரூமுக்கு.

வீட்டுக்காரர் கரண்டுக்குத் தனி மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு அவரே ஒரு ரேட் வாங்குதாரு. நூறு யூனிட் இலவசம்ங்கறது எங்க வரைக்கும் வந்து சேரலை. கட்டுதவரு ஒருத்தர், கரண்டு பில்லு கட்டுதவரு வேற ஒருத்தர். அப்படி இருக்கையில அவரு எதுக்கு வே ஃபோம் போடுவாரு? விதியாச் சொன்னாத்தான் போடுவாரு. அதனால நான் இதை முழுசா ஆதரிக்கேன். "ஏழைகளைப் பாதிக்கும்"னு எழுதப் போறவங்க, வீட்டுக்காரர் ஏழையா குடியிருக்கவன் ஏழையான்னு பாத்து எழுதுங்க.

டவுன்_ரதவீதி

அந்த ஃபோமுக்கு ஆன காசை வாடகையில ஏத்தமாட்டாருன்னு நினைக்கீரா?

என்ஜிஓகாலனி_மாடிவீடு

ஏத்துவாரு. இப்பவும் வருஷா வருஷம் ஏத்தத்தான் செய்தாரு, ஃபோம் இல்லாமலே.

மேலப்பாளையம்_அக்கா

எங்க பக்கம் நிலவரத்தையும் கேளுங்க. ஒண்ணரை சென்ட், ரெண்டு சென்ட்ல மேல மேல ஏத்திக் கட்டுன வீடுங்க. பகல்ல ஆம்பளைங்க வெளிய போயிருவாங்க, வீட்டுல இருக்குறது பொம்பளைங்க. சும்மாவும் இல்ல, பீடி சுத்துறோம். முக்கூடல் பக்கமும் இதே கதைதான். முறத்துல தூள் வச்சுக்கிட்டு ஃபேனை வேகமா போட முடியாது, தூள் பறந்துரும், இலை காஞ்சிரும். ஒண்ணுல ஓடும், இல்லன்னா நிறுத்தி வச்சிருப்போம். ஜன்னலைத் திறந்தா காத்தும் வரும், எதிர் வீட்டுப் பார்வையும் வரும், சாயங்காலம் ஆனா கொசுவும் வரும்.

அதனால நட்சத்திர ஃபேன் வாங்கு, ஏசியை 24-ல வைன்னு சொல்றதெல்லாம் எங்களுக்கு இல்ல. எங்க வீடு எங்க வேலைசெய்யுற இடமும்தான். கூரை சுடாம இருந்தா அதுவே போதும். வெள்ளை பெயிண்ட் அடிச்சா குறையும்னு சொல்றாங்களே, அது இந்த விதியில வருமா? அதுதான் எங்களுக்கு முடிஞ்ச செலவு.

பாளை_சிவில்

அக்கா, இங்கேதான் எனக்கும் விதியோடு சண்டை. கட்டாயக் கணக்கில் கூரைக்கு யு மதிப்பு மட்டுமே பார்க்கிறார்கள். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் அதனால் யு மதிப்பு மாறாது. ஆக, சுண்ணாம்பு அடித்துத் தளத்தைக் குளிர வைத்த வீடும், கறுத்துப்போன தளம் உள்ள வீடும் அந்தக் கணக்கில் ஒன்று.

நம் ஊருக்கு இது பெரிய விடுபடல். திருநெல்வேலி 8.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதன்பின் ஆவணி பாதி வரை நண்பகலில் அது நமக்கு வடக்கேதான் நிற்கும். கத்திரி வெயிலில் தெற்குச் சுவரில் வெயிலே விழாது. காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு, நடுவே முழுவதும் கூரை. வருடக் கணக்கில் பார்த்தால் டெல்லிக் கூரையைவிட நம் கூரைக்கு இந்த நேர் வெயில் அதிகம். மூன்று, நான்கு சென்ட் வீடுகளுக்கு விதியைக் கொண்டுவருவதானால், வெள்ளைப் பூச்சையும் வெள்ளை ஓட்டையும் ஒரு மாற்று வழியாக ஏற்க வேண்டும் என்று நான் எழுதுவேன். பூச்சு அழுக்கேறும், வருடா வருடம் அடிக்க வேண்டும், அது உண்மை. அடிக்காதவரை யார் கேட்பது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

பணகுடி_காத்து

எங்க பக்கம் வேற பிரச்சினை. ஆனியில ஆரம்பிச்சா ஆவணி வரைக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து. காத்தாடி சுத்துத ஊரு. மேற்கே ஜன்னல் வச்சவன் ஆடி மாசம் பூரா அதைத் திறக்க மாட்டான், சோத்துல மண்ணு விழும். ஆறுல ஒரு பங்கு ஜன்னலாம்! எங்களுக்குக் காத்து வரதுக்கு விதி வேண்டாம், நிறுத்ததுக்கு விதி இருந்தா சொல்லுங்க.

எல்லாரும் கூரையையே பேசுதீங்களே, மேல சோலார் போட்டா முடிஞ்சு போச்சு. 2024-ல இருந்து பி.எம். சூர்ய கர் மானியம் இருக்கு. மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூபா. பேனல் தளத்துக்கு நிழலும் குடுக்கும், கரண்டும் குடுக்கும். ஃபோமும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம்.

கொத்தனார்_தாழையூத்து

பேனல் மூடுதது தளத்துல ஒரு பங்குதான் வே. மிச்சம் சுடும். தண்ணித் தொட்டி, துணிக்கொடி, வடகம் வத்தல் காயவைக்க இடம்னு பாத்தா பேனலுக்கு மேல் மாடியில மூலைதான் மிஞ்சும். அப்புறம் அந்தக் காலு நட தளத்துல துளை போட்டுட்டுப் போவான் பாரும், அடுத்த ஐப்பசியில ஒழுக்கு அடைக்க என்னைத்தான் கூப்பிடுவாவ.

மேலப்பாளையம்_அக்கா

மானியம் பிறகுதான் வரும், முதல்ல நம்ம கையில இருந்து போடணும்ல. எங்க தெருவுல மாடி யாருக்குச் சொந்தம்னே மூணு அண்ணன் தம்பிக்குள்ள வழக்கு.

மருதூர்அணை

சோலாருக்கு வேற இழை திறப்போம், இதுக்குள்ள இழுத்தா ரெண்டும் போயிரும். ஜன்னல் விஷயத்துக்கு வாரேன். டவுன் அண்ணாச்சிக்கு இன்னும் பதில் வரலை.

பாளை_சிவில்

வருகிறேன். ஆறில் ஒரு பங்கு என்பது கண்ணாடியின் பரப்பு அல்ல, உண்மையாகத் திறக்கிற பரப்பு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் பழைய மரக் கதவு ஜன்னலை முழுக்கத் திறக்கலாம். அதற்கு விதி 90 சதவீதம் போட்டுக்கொள்கிறது. இப்போது எல்லோரும் ஆசையாக வைக்கிற ரெண்டு கதவு ஸ்லைடிங் யூ.பி.வி.சி. ஜன்னலில் எப்போதும் ஒரு பாதி மூடியேதான் இருக்கும். அதற்கு 50 சதவீதம்தான்.

600 சதுர அடி வீடு என்றால் 100 சதுர அடி திறக்க வேண்டும். மரக் கதவு ஜன்னலில் 111 சதுர அடி வைத்தால் போதும். ஸ்லைடிங் என்றால் 200 சதுர அடி ஜன்னல். அவ்வளவு கண்ணாடி வைத்தால் வெயில் உள்ளே வந்து ஆர்.இ.டி.வி. எகிறும். அதை அடக்க விலை கூடிய கண்ணாடி தேடணும். செலவு கூடும் என்று பயப்படுகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது. விதியைவிட ஸ்லைடிங் ஜன்னல்தான் செலவு வைக்கும்.

இப்போது டவுன் வீடு. பொதுச்சுவருக்கு வெயில் இல்லை, அது ஆர்.இ.டி.வி. கணக்கில் வராது. அந்த வகையில் உங்கள் வீடு லாபம். காற்றுக்கு, வெளியே திறக்கிற ஜன்னல் மட்டுமல்ல, திறந்த தாழ்வாரம், வெளிச்சக் கிணறு பக்கம் திறக்கிற ஜன்னலையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பழைய வீட்டில் நடுவே வானவெளி இருக்கிறதே, அதைச் சுற்றி வைத்த ஜன்னல் எல்லாம் கணக்கில் வரும்.

டவுன்_ரதவீதி

அம்மா, அதைச் சொல்லு. எங்க தாத்தா வச்ச வானவெளி. ஆனா எங்க தெருவுல பாதிப் பேரு அதை ஷீட் போட்டு மூடிட்டாவ. மழைத் தண்ணி தெறிக்குதுன்னு ஒருத்தர், குரங்கு இறங்குதுன்னு ஒருத்தர், அந்த இடத்தையும் ஒரு ரூமாக்கினா வாடகை வரும்னு ஒருத்தர். மூடின அன்னைக்கே ஏசிக்காரனுக்குப் போன் போட்டாச்சு.

இலஞ்சி_சாரல்

தென்காசிப் பக்கம் இருந்து ஒரு ஆட்சேபணை. இப்போ நாங்க தனி மாவட்டம், ஆனா வீடு கட்டுத விதம் ஒண்ணுதான். ஜூன்ல சாரல் ஆரம்பிச்சா எங்களுக்கு ஃபேனே தேவை இல்ல. பாளையங்கோட்டைக்கும் எங்களுக்கும் ஒரே மண்டலம்னு போட்டு ஒரே அளவு கேட்டா எப்படி? கூரைக்குச் சரி, மார்ச்சுல இருந்து மே வரைக்கும் எங்களுக்கும் சுடத்தான் செய்யுது. ஆனா ஏ.ஏ.சி. பிளாக்ல, அதான் உள்ள காத்துக்குமிழி இருக்க லேசான வெள்ளைக்கல்லுல, சுவர் கட்டுன்னு யாராவது கிளம்பினா நான் எதிர்த்துதான் எழுதுவேன்.

கொத்தனார்_தாழையூத்து

அந்த வெள்ளைக்கல்லுல வெக்கை இறங்காது, அது வாஸ்தவம். கட்டவும் சுளுவு. ஆனா ஆணி நிக்காது, பூச்சுல மயிர்க்கோடு விடும், தண்ணியைக் குடிக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்துல சிந்துபூந்துறை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி நின்னுச்சே, செங்கச் சுவரே காய எத்தனை நாள் ஆச்சு? ஆத்தங்கரையில தரைத்தளத்துக்கு அந்தக் கல்லை நான் வைக்கமாட்டேன். மாடிக்கு வேணா வைக்கலாம்.

பாளை_சிவில்

விதி எந்தக் கல்லையும் கட்டாயப்படுத்தவில்லை. அளவு மட்டுமே கேட்கிறது. முதலில் சொன்னேனே, ஒன்பது இஞ்ச் செங்கல்லும் சன்ஷேடும் போதும். கல் விற்கிறவர்கள் "இனி இதுதான் சட்டம்" என்று வந்து நிற்பார்கள், அதற்கு மயங்க வேண்டாம். இன்னொன்று: தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த ப்ளை ஆஷ் கல்லை "குளுமைக் கல்" என்று சிலர் சொல்கிறார்கள். மண்ணை மிச்சப்படுத்தும் என்றால் சரி. வெக்கையைத் தடுப்பதில் சூளைச் செங்கல்லைவிடப் பெரிதாக எதுவும் செய்யாது.

என்ஜிஓகாலனி_மாடிவீடு

எல்லாம் சரி, யாரு வந்து பாப்பாவ? 2024 ஜூலைல இருந்து 2,500 சதுர அடி மனைக்குள்ள, 3,500 சதுர அடி கட்டடம் வரைக்கும் சுயசான்றுல உடனே அனுமதி. ஆன்லைன்ல வரைபடத்தைப் போடுதோம், பணம் கட்டுதோம், கையில அனுமதி வந்துருது. அதை நான் குறை சொல்லலை, முன்னால அலைஞ்ச அலைச்சல் எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுலயே "கூரை யு மதிப்பு 1.2"ன்னு ஒரு கட்டம் சேத்தா எல்லாரும் டிக் அடிச்சுட்டுப் போயிருவாங்க. தட்டோட்டுக்கு அடியில ஃபோம் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?

கொத்தனார்_தாழையூத்து

மூடுததுக்கு முன்னால போட்டோ எடுக்கணும். அரசு வீட்டுத் திட்டத்துல அப்படித்தானே செய்தாவ, அஸ்திவாரம், லிண்டல், கூரைன்னு கட்டத்துக்கு ஒரு போட்டோ, அப்புறம்தான் காசு. அதே மாதிரி.

மேலப்பாளையம்_அக்கா

நீங்க சொன்னதும் ஞாபகம் வருது. கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். அந்தக் காசுல கம்பியும் சிமென்ட்டும் வாங்கவே கடன் வாங்குறாங்க. அவங்க தலையில ஃபோமையும் வச்சா வீடு பாதியில நிக்கும். அரசாங்கம் கட்டிக் குடுக்குற வீட்டுக்கு, கூரைக்குத் தனியாக் காசு அரசாங்கம் போடட்டும். விதியை முதல்ல அவங்க வீட்டுல அவங்க செஞ்சு காட்டட்டும்.

டவுன்_ரதவீதி

இது எனக்குப் பிடிச்சிருக்கு. போலீஸ் குடியிருப்பு, அரசு ஊழியர் குடியிருப்புன்னு பாளையில எத்தனை தளம் வெயில்ல காயுது.

பணகுடி_காத்து

கரண்டு பில்லுல எவ்வளவு குறையும், அதைச் சொல்லுங்க. அது இல்லாம எவனும் கேக்கமாட்டான்.

பாளை_சிவில்

வீட்டைப் பொறுத்தது. ரெண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டுக்குள் ஓட்டுகிறவருக்குப் பில்லில் ஒரு பைசா குறையாது, அவருக்கு ஏற்கெனவே பூஜ்யம். அவருக்குக் கிடைப்பது தூக்கம் மட்டும்தான். ஏசி வைத்து ஐந்நூறு யூனிட்டைச் சுற்றி நிற்கிறவருக்குத்தான் பணமாகத் தெரியும். ஐந்நூறைத் தாண்டினால் 101-வது யூனிட்டிலிருந்தே விலை மாறிவிடுகிறது. கூரை குளிர்ந்து அந்தக் கோட்டுக்கு உள்ளே நின்றால், வித்தியாசம் பில்லில் பளிச்சென்று தெரியும். ஆகையால் மின்கட்டணத்தைக் காட்டி மட்டும் இந்த விதியை விற்க முடியாது. பழைய 75 வாட் ஃபேனை மாற்றி மின்சாரம் குறைவாக எடுக்கிற 30 வாட் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் போடுவது அதைவிடச் சுலபமான மிச்சம், அதற்கு எந்த விதியும் தேவையில்லை.

மருதூர்அணை

நான் எழுதி அனுப்பப் போற கருத்துல முதல் வரி கூரை. சின்ன மனைக்குக் கூரையை மட்டும் கட்டாயமாக்குங்க, வெள்ளைப் பூச்சையும் ஒத்துக்கோங்க. வாடகைக்கு விடுத மாடிக்கும் அரசு கட்டுத வீட்டுக்கும் முதல்ல. ஜன்னல் பங்கைப் பொதுச்சுவர் வீடுகளுக்குத் தளர்த்தணும். இதுல யாருக்காவது முரண் இருந்தா இப்பவே சொல்லிருங்க.

இலஞ்சி_சாரல்

கூரைக்கு ஓட்டு வீட்டை என்ன செய்வீங்க? மங்களூர் ஓட்டுக்கு உங்க 1.2 வராது. ஆனா கீழ மரத்தட்டு அடிச்ச ஓட்டு வீட்டுல ராத்திரி போர்வை கேக்கும். ஓட்டு வீட்டுக்கு விலக்கு எழுதுங்க, இல்லன்னா நான் தனியா எழுதுவேன்.

மருதூர்அணை

சேத்துக்கிடுதேன்.

டவுன்_ரதவீதி

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கு. வானவெளியை ஷீட் போட்டு மூடினவன் அதைப் பிரிக்கமாட்டான், குரங்குக்குப் பயம். வெறும் கம்பி மட்டும் போட்டா கணக்குல வருமா?

பாளை_சிவில்

கம்பி போட்டால் காற்று போகும், அது திறந்த வெளிதான். ஷீட்டை அப்படியே சுவர்மேல் உட்கார வைத்தால் அடைப்பு. ஷீட்டைச் சுவரிலிருந்து இரண்டடி உயர்த்தி, நாலு பக்கமும் கம்பிவலை வைத்தால் மழையும் வராது, குரங்கும் வராது, மேலே சேருகிற வெக்கை வெளியே போய்விடும். அப்படி உயர்த்திய கூரையின் கீழ் உள்ள வானவெளியை விதி திறந்த வெளியாக எடுத்துக்கொள்ளுமா என்று தெளிவாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். டவுன், பேட்டை, அம்பை, கல்லிடைக்குறிச்சி என்று அத்தனை பழைய தெருவுக்கும் அந்த ஒரு வரி வேண்டும்.

கொத்தனார்_தாழையூத்து

ரெண்டடி உயர்த்தினா ஆடிக் காத்துக்கு ஷீட்டு பறக்கும். நாலு மூலையில கம்பி இறக்கி பெல்ட்டோட கட்டணும். அதையும் சேத்து எழுதுங்க.